மலைப்புல் ஒரு சாக்கு

அந்த வருஷம் சண்டிலிப்பாயில் மழை எங்களை ஏமாற்றிவிட்டது. என் சீதனத்தோடு வந்த சிவலைப் பசு எலும்பு தெரிய நின்றது. பனையோலையைக் கிழித்துப் போட்டோம். அதையே எத்தனை நாளைக்குத் தின்னும்? அந்த நேரம் பார்த்து மலைநாட்டில் அக்காவுக்குப் பிரசவம். மாட்டை என் கணவரிடம் விட்டுவிட்டு அரை மனதோடு ரயில் ஏறினேன்.

பிள்ளை பிறந்து முப்பத்தொன்று கழிந்ததும் அத்தான் என்னை மலை பார்க்கக் கூட்டிப்போனார். அவர் அங்கே ரயில்வேயில் கிளாக்கர். மலை என்றதும் பயந்தேன். ஒன்றுமில்லை, வெள்ளைக்காரக் கிழவிகள் குடை பிடித்துக்கொண்டு நடக்கிற பாதை. கதைத்துக்கொண்டே உச்சிக்கு வந்துவிட்டோம். அங்கிருந்து கண் எட்டுமட்டும் புல், இடுப்பளவு புல். ஒரு மாடுகூட இல்லை. மாடு எழும்பக் கஷ்டப்படுகிறது என்று ஊரிலிருந்து என் கணவர் எழுதிய கடிதம் முதல்நாள்தான் வந்திருந்தது. எனக்கு வயிறு எரிந்தது.

"அத்தான், உந்தப் புல்லெல்லாம் ஆருக்கு?"

"ஒருத்தருக்குமில்லை. சும்மா பாக்கிறதுக்குத்தான்."

பார்ப்பதற்கென்று புல் வளர்க்கிற கடவுளோடு அன்றைக்கு எனக்குப் பெரிய கோபம்.

ஊருக்குப் புறப்படுகிற அன்று விடிய, அக்கா மரக்கறி வெட்டுகிற குசினிக் கத்தியோடு போய் ஒரு சாக்கு நிறைய அறுத்துவந்தேன். கையெல்லாம் எலுமிச்சை மணத்தது. "பிள்ளை, உந்தப் புல்லை இஞ்சத்தை மாடுகளே தின்னாது" என்றார் அத்தான். பேனை பிடிக்கிற மனுசனுக்கு மாட்டைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். துணைக்கு வந்த அத்தான், தனக்கும் அந்தச் சாக்குக்கும் சம்பந்தமில்லாதவர்போல வழியெல்லாம் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

சுன்னாகத்தில் இறங்கி வீட்டுக்கு வந்தால் மாடு படுத்துவிட்டது. இரண்டு நாளாக எழும்பவில்லையாம்.

சாக்கை அவிழ்த்து ஒரு பிடி நீட்டினேன். மணந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. "தின்னடி, என்ரை ராசாத்தி, ஒரு வாய் தின்னடி" என்று கெஞ்சினேன். உதட்டைப் பிரித்துத் திணித்தேன். துப்பிவிட்டு, சாக்கின் மூலையைச் சப்பப் பார்த்தது. நான் அழுதேன். வேறென்ன செய்ய?

என் கணவர் என்னை ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

"இஞ்சரப்பா, விடு. அது தின்னாது."

வெறுந்தரையில் கிடந்து மாட்டின் விலா புண்ணாகியிருந்தது. அத்தானும் அவரும் அதைப் புரட்டிப் பிடிக்க, நான் அந்தப் புல்லை அள்ளிக் கீழே பரப்பினேன்.

மூன்றாம் நாள், மாட்டையும் புல்லையும் ஒரே கிடங்கு வெட்டிப் புதைத்தோம்.