அக்கா பழக்கிய செருப்பு

அக்காவின் வலது குதிகாலுக்குச் சற்று மேலே, நரம்பு ஓடும் இடத்தில், புளியங்கொட்டை அளவுக்கு ஒரு தழும்பு உண்டு. யாராவது கேட்டால் முள் குத்தியது என்பாள். கொல்லிமலையில் பிறந்தவள் முள் குத்தியது என்று சொன்னால் மேற்கொண்டு யாரும் கேட்பதில்லை. உண்மையில் அது செருப்பு கடித்த தழும்பு. அதுவும் அவளுக்குச் சொந்தமில்லாத செருப்பு. இதை அறிந்தவர்கள் மூன்று பேர். ஒருவர் இறந்துவிட்டார். மிச்சம் அவளும் நானும்.

மலைக்கு ரோடு வந்த புதிது அது. மலையின் எடப்புளி நாட்டுப் பகுதியில், சாமையும் மரவள்ளியும் விளைந்த இரண்டு துண்டு நிலத்தை நம்பி எங்கள் குடும்பம் இருந்தது. சோளக்காடு ஊருக்கு அப்பால் காப்பித் தோட்டம் வைத்திருந்த சேலத்துக்காரர் ஒருவரின் பங்களாவில் அக்கா வேலைக்குச் சேர்ந்தாள். அவளுக்கு அப்போது பதினேழு வயது, எனக்குப் பதினொன்று. பள்ளிக்கூடம் பங்களாவுக்குப் பக்கத்தில் இருந்ததால் என்னையும் கூட வைத்துக்கொண்டாள். பின்கட்டில், விறகு அடுக்கும் அறையை ஒட்டிய சின்ன அறையில் இருவரும் படுத்துக்கொள்வோம். எனக்குச் சோறு போட்டதும் தலை வாரியதும் பாடம் படிக்கச் சொல்லி மிரட்டியதும் அக்காதான்.

முதலாளியின் மனைவியை எல்லோரும் பங்களா அம்மா என்போம். முப்பது வயதுகூட இருக்காது. அவரும் ஏதோ கிராமத்தில் சாணி மிதித்து வளர்ந்தவர்தான். ஆனால் முதலாளிக்கு ஏற்காட்டுத் தோட்டக்காரர்களோடும் அதிகாரிகளோடும் பழக்கம் ஏற்பட்டிருந்தது. அங்கே நடக்கும் விருந்துகளுக்கு மனைவியையும் அழைத்துப் போவார். மற்ற பெண்களைப் போல இவரும் குதிகால் உயர்ந்த செருப்புப் போட்டு நடக்கவேண்டும் என்று முதலாளிக்கு ஆசை. மெட்ராஸிலிருந்து ஒரு ஜோடி வாங்கி வந்தார். கறுப்புத் தோல், பளபளவென்று, நம் கட்டைவிரல் பருமனில் குதி. முதல் விருந்திலேயே பங்களா அம்மா கால் பிசகி ஒரு கலெக்டர் மனைவியின் மேல் சாய்ந்துவிட்டாராம். திரும்பி வந்த ஜீப்பிலிருந்து அவர் இறங்கியபோது முகம் அழுது வீங்கியிருந்தது. இரண்டு குதிகாலிலும் தோல் உரிந்து ரத்தம் கட்டியிருந்தது.

மறுநாள் முதலாளி தோட்டத்துக்குப் போனதும் பங்களா அம்மா அக்காவைக் கூப்பிட்டார்.

"உன் காலும் என் காலும் ஒரே அளவுதான். உனக்குத் தோல் கெட்டி. பத்து நாள் இதைப் போட்டு நடந்து பழக்கிக் குடு. எங்க வீட்டுக்காரருக்குத் தெரியக்கூடாது."

"ஐயோ, நான் செருப்பே போட்டதில்லீங்கம்மா. உங்க செருப்புல போய் நான் கால வெக்கறதுங்களா?"

"நான் சொல்றேன், வை."

அப்படித்தான் தொடங்கியது. காலையில் முதலாளியின் ஜீப் சத்தம் வளைவு தாண்டி மறைந்ததும் பங்களா அம்மா கூடத்துக் கதவைச் சாத்துவார். அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். முப்பது கிலோ பலாப்பழத்தைத் தலையில் வைத்துக்கொண்டு சேந்தமங்கலம் வரைக்கும் ஒற்றையடிப் பாதையில் இறங்குகிறவள், சிமெண்டுத் தரையில் நான்கு அடி வைக்கமுடியாமல் தள்ளாடினாள். விழுந்தாள். முழங்காலைத் தேய்த்துக்கொண்டு எழுந்தாள். மூன்றாம் நாள் குதிகாலில் தோல் பிய்ந்து, செருப்பின் உள்பக்கம் ரத்தம் பட்டுவிட்டது. வலியைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. செருப்புத் தோலில் கறை படிந்துவிடுமோ என்றுதான் பயந்தாள். ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து என்னிடம் காட்டி, "போயிருச்சா கண்ணு, பாரு" என்று கேட்டாள். அந்தப் புண்தான் ஆறாமல் சீழ் பிடித்துப் பிறகு தழும்பானது.

ஒரு வாரம் கழித்து அவளுக்கு அதன் சூட்சுமம் பிடிபட்டுவிட்டது. அன்று பள்ளி விடுமுறை. நான் கூடத்து மூலையில் உட்கார்ந்திருந்தேன். அக்கா சுவரை விட்டு விலகி, நடுக் கூடத்தில் நின்று, முழங்காலைத் தளர்த்தி, உடம்பைக் கொஞ்சம் பின்னால் வாங்கி, சின்னச் சின்ன அடியாக நடந்தாள். நடந்துகொண்டே சிரித்தாள்.

"இது ஒண்ணுமில்லீங்கம்மா. நம்ம மலையெறக்கந்தான். சமதரையில நடக்கறோம்னு நெனைச்சாத்தான் கவுத்து விடுது. எறக்கத்துல எறங்கறோம்னு நெனைச்சுக்கங்க, அதுபாட்டுக்குக் காலு போவும்."

பங்களா அம்மா அவளை வைத்த கண் வாங்காமல் பார்த்தார். பிறகு செருப்பைத் தான் வாங்கிப் போட்டுக்கொண்டு அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பின் நடந்தது செருப்பைப் பழக்குவது மட்டுமல்ல. தினமும் இருவரும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு கூடத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார்கள். "தரையப் பாக்காதீங்க, தூரத்துல பாருங்க" என்று அக்கா சொல்வாள். அம்மா தூரத்தில் பார்ப்பார். அடுத்த விருந்தில் அவர் விழவில்லை. யாரோ அவருடைய நடையைப் புகழ்ந்தார்களாம். வந்த சந்தோஷத்தில் என் கன்னத்தைக் கிள்ளி, "ஜூன் மாசம் உன்னைச் சேந்தமங்கலத்துல ஹாஸ்டல்ல சேர்த்துப் படிக்க வைக்கிறேன்" என்றார். அக்கா அன்று அழுதே விட்டாள். எங்கள் ஊரில் அதுவரை எந்தப் பெண்ணும் ஐந்தாம் வகுப்பைத் தாண்டியதில்லை.

செருப்பு நன்றாகப் பழகிய பிறகும் பங்களா அம்மா அக்காவை நடக்கச் சொன்னார். அக்காவுக்கும் அது பிடித்திருந்தது என்பதை நான் மறைக்கப்போவதில்லை. அதைப் போட்டுக்கொண்டு நிற்கும்போது அவள் வேறு ஆளாகத் தெரிந்தாள். முதுகு நிமிர்ந்திருக்கும். எங்களுக்கு வாய்த்ததைவிடப் பெரிய ஏதோ ஒன்றைப் பார்ப்பவள் போலக் கண்கள் நேராக இருக்கும்.

ஜீப் பழுதாகி முதலாளி பாதி வழியிலேயே திரும்பிய நாளும் அப்படி ஒரு நாள்தான். கூட இரண்டு நண்பர்கள். நடந்தே வந்ததால் சத்தம் கேட்கவில்லை. கதவைத் தள்ளித் திறந்தபோது நடுக் கூடத்தில் அக்கா அந்தச் செருப்போடு நின்றுகொண்டிருந்தாள். பங்களா அம்மா நாற்காலியில். பள்ளி இல்லாததால் நானும் சன்னலோரம்.

நண்பர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். "என்னப்பா, உங்க வீட்டம்மாவ விட வேலைக்காரி நல்லா நடக்குறா" என்றார். முதலாளியின் முகம் கறுத்தது.

"இது என்ன கூத்து?"

பங்களா அம்மா எழுந்தார். ஒரு நொடி உண்மையைச் சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

"நான் உள்ள இருந்தேங்க. இப்பத்தான் வந்து பாக்கறேன். எடுத்து மாட்டிக்கிட்டு ஆட்டம் போடறா, திருட்டுக் கழுதை."

அக்கா மெதுவாக, "நீங்கதானுங்கம்மா..." என்றாள். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. முதலாளி என் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லு. அம்மா இவகிட்ட அதக் குடுத்தாங்களா?"

பங்களா அம்மா என்னைப் பார்த்தார். மிரட்டவில்லை. கெஞ்சினார் என்றுகூடச் சொல்லலாம். எனக்கு ஹாஸ்டல் ஞாபகம் வந்தது, ஜூன் மாதம் ஞாபகம் வந்தது. பதினொரு வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று பிற்பாடு எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டிருக்கிறேன். எனக்குத் தெரிந்திருந்தது.

"இல்லீங்க" என்றேன்.

அந்த 'ங்க'வை இன்றுவரை மறக்கமுடியவில்லை. பொய்யைக்கூட மரியாதையோடு சொல்லியிருக்கிறேன்.

அக்காவின் கன்னத்தில் முதலாளி அறைந்தார். அவள் குனிந்து செருப்பைக் கழற்றி, அருகருகே சேர்த்து வைத்தாள். வாசற்படி இறங்கும்போது திரும்பி என்னைப் பார்ப்பாள் என்று எதிர்பார்த்தேன். பார்க்கவில்லை. ஐந்து மைல் காட்டு வழியில், அந்தப் புண் காலோடு, ஊருக்கு நடந்தே போனாள்.

செய்தி அவளுக்கு முன்பே ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. பேசி வைத்திருந்த மாப்பிள்ளை வீட்டார், ஆம்பளைகள் முன்னால் செருப்பு மாட்டி ஆடியவள் வேண்டாம் என்றார்கள். இரண்டு வருடம் கழித்து, அடிவாரத்தில் இருந்த, மனைவியை இழந்த ஒருவருக்கு, அவருடைய இரண்டு பிள்ளைகளோடு சேர்த்துக் கட்டி வைத்தார்கள். பிறகு கட்டட வேலை, கல் சுமக்கும் வேலை. பங்களா அம்மா சொன்ன சொல் தவறவில்லை. ஜூன் மாதம் என்னை ஹாஸ்டலில் சேர்த்தார். நான் படித்தேன், ஆசிரியை ஆனேன். முப்பது வருடம் கரும்பலகையில் 'உண்மை பேசு' என்று எழுதிப் பிள்ளைகளைச் சேர்ந்து வாசிக்கச் சொன்னேன்.

பங்களா அம்மா இறந்த செய்தி வந்த வாரம் அக்காவைப் பார்க்கப் போனேன். சேந்தமங்கலத்துக்கு வெளியே ஓட்டு வீடு. அவள் முறத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். நாற்பது வருடமாகத் தொண்டையில் கிடந்ததை அன்றுதான் சொன்னேன். நான் அன்றைக்கு உண்மையைச் சொல்லியிருக்கவேண்டும் என்றேன். மன்னித்துவிடு என்றேன்.

அக்கா முறத்தைக் கீழே வைக்கவில்லை.

"நீ நெசத்தச் சொல்லியிருந்தாலும் அவங்க நம்பியிருக்க மாட்டாங்க கண்ணு. உன்னையும் சேத்துத்தான் தொரத்தியிருப்பாங்க. உம் படிப்பும் போயிருக்கும்."

அவள் மன்னித்துவிட்டாள் என்று நினைத்தேன். பதரை ஊதிவிட்டு அவள் தொடர்ந்தாள்.

"ஆனா ஒண்ணு. அன்னிக்கி நான் தனியா ஊட்டுக்குப் போயிருக்க மாட்டேன்."

புடைத்து முடித்ததும் எழுந்து, என் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டாள்.