பதினெட்டுப் புள்ளி விலகல்: சூரமங்கலத்திலிருந்து நாமக்கல்லுக்கு ஒரு அவசரப் பயணம்

இதை யாரும் நம்பப் போவதில்லை என்று முதலிலேயே சத்தியம் செய்துவிட்டுத் தொடங்குகிறேன். உலக வரலாற்றில் ஒரு தலைமுடியின் பருமனைத் தேடி அறுபது கிலோமீட்டர் பஸ்ஸில் போன முதல் ஆள் நான்தான்.

போன செவ்வாய் காலை ஆறரைக்கு அக்கா மகள் நித்யாவின் போன். நாமக்கல்லுக்கு வெளியே, பரமத்தி ரோட்டில் அவளும் கணவன் செந்திலும் பட்டறை நடத்துகிறார்கள். போர்வெல் வண்டிகளுக்கான வால்வுக் கட்டைகளில் புஷ் என்கிற பித்தளை வளையத்தைப் பொருத்தும் வேலை. இதற்காக ஒரு பழைய ரோபோக் கையை வாங்கிப் போட்டிருந்தார்கள். வளையம் துளையின் நடுவிலிருந்து ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஐந்து பங்கு, அதாவது 0.05, விலகினாலே சிராய்த்துக்கொண்டு கோணலாக இறங்கும். நான்கு நாளாக எல்லாமே கோணல்.

"மாமா, மத்தியானம் ரெண்டு மணிக்கு கோயமுத்தூர்ல இருந்து ஆள் வாராருங்க. இருபதுக்கு இருபது சரியா இருந்தாத்தான் ஆர்டர். இல்லீன்னா ரோபோவைத் திருப்பி அனுப்ப வேண்டியதுதான். எங்க டயல் கேஜ் கீழ உழுந்து முள்ளு நின்னுபோச்சுங்க. உங்களோடதை எடுத்துட்டு வாரீங்களா?"

மில்லிமீட்டரை நூறாக வெட்டிக் காட்டும் என் கேஜ், பழைய வேட்டியில் சுற்றி, பீரோவில் இருந்தது. முப்பது வருடம் அளவு பார்த்தே பிழைத்தவன் நான். என் பார்வை பட்டு வளைந்த தண்டவாளங்கள் நிமிர்ந்ததுண்டு.

ஏழு பத்துக்கு டவுன் பஸ். புது பஸ் ஸ்டாண்டில் ஏழே முக்காலுக்கு நாமக்கல் வண்டி, டிக்கெட் நாற்பத்தைந்து ரூபாய். பெட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டேன். கண்டக்டருக்குப் பொறுக்கவில்லை.

"பொட்டியில என்னங்க?"

"தலைமுடியை ஏழாப் பிளந்து அளக்கிற கருவி."

"எம்பட தலைக்கு வேண்டாமுங்க. மொத்தமே ஏழுதான் இருக்குது."

வண்டி ஒவ்வொரு வேகத்தடையிலும் மேகம் வரை எழும்பி இறங்கியது. ராசிபுரத்தில் எட்டு நிமிடம் நின்றது. யாரோ நெய் டின் ஒன்றை ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றினார்கள். அதற்குள் நித்யா மூன்று முறை அழைத்துவிட்டாள். எனக்கு உட்காரவும் முடியவில்லை, எழுந்தால் சீட் போய்விடும். டீ வாங்கி, குடிக்காமலே கையில் பிடித்திருந்தேன்.

ஒன்பதே காலுக்கு நாமக்கல். ஆட்டோவுக்கு நூற்றிருபது. ஒன்பதே முக்காலுக்குப் பட்டறை.

செந்தில் ஒரே இடத்தில் நின்று பத்து கிலோமீட்டர் நடந்துகொண்டிருந்தார். "கை தேஞ்சுபோச்சுங்கறாங்க மாமா. போன்ல கேட்டா, வித்தவரே அப்படித்தான் சொல்றாரு."

"அளக்காம எப்படி மாப்பிள்ளை சொல்றாரு?" என்றேன், நீதிபதி மாதிரி.

கேஜை ரோபோவின் கையிலேயே கட்டினோம். கட்டையை அதன் தாங்கியில் வைத்து, துளையின் உட்சுவரைச் சுற்றி முள்ளை வருடவிட்டோம். எதிரெதிர்ப் பக்கங்களின் வித்தியாசத்தில் பாதி, விலகல். கட்டையை எடுத்து, மறுபடி வைத்து, முப்பது தடவை. இயந்திரம் ஓட்டும் சரசு வைத்தாள், நித்யா எழுதினாள், நான் முள்ளை முறைத்தேன். பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது, பதினெட்டு. நூறில் பதினெட்டுப் பங்கு மில்லிமீட்டர், எப்போதும் ஒரே பக்கமாக.

நித்யா தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மாமா, தேஞ்ச கைன்னா கண்ட இடத்துக்குப் போவணுமில்லீங்க? இது முப்பது தடவையும் ஒரே எடத்துக்குத்தான் போகுது. கை சரி. கட்டைதான் தள்ளி உக்காந்திருக்குது."

இதை நான்தான் கண்டுபிடித்தேன் என்று ஊரில் சொல்லி வைத்திருக்கிறேன்.

ரோபோவுக்கு இடம் சொல்லிக்கொடுத்தது வியாழன். அன்றைக்கு எல்லாம் சரி. வெள்ளி காலை பூஜை. அதன் பிறகுதான் கோணல். சரசு தாங்கியின் பக்கவாட்டு முட்டில் நகத்தை ஓட்டினாள். வால்வுக் கட்டை தள்ளி முட்டி நிற்கும் இடம் அதுதான். எண்ணெய் குடித்துக் கறுத்த மேடு ஒன்று நகத்தில் தட்டியது.

"இது பூஜைச் சந்தனமுங்க."

"தினமும் தொடைக்கறீங்கதானே அக்கா?" என்றாள் நித்யா.

"தொடைக்கறனுங்க. பொட்டை உட்டுட்டுச் சுத்தித் தொடைப்பேன். சாமிக்கு வெச்சதை எப்படிங்க அழிக்கறது?"

நித்யா செந்திலைத் திரும்பிப் பார்த்தாள். "தட்டு உங்க கையிலதானே இருந்துச்சு. பொட்டு வைக்க வேற எடமே கெடைக்கலியா?"

"நான் மேல, சுவிட்ச் பேனல்லதான் வெச்சதா ஞாபகம்."

"ஞாபகமாம்."

நான் ஜன்னல் வழியாக ஒரு லாரியை மிகவும் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சரசு பொட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பித்தளைத் தகட்டால் சுரண்டினாள். பேனலில் புதுப் பொட்டு ஒன்று வைத்தாள், சின்னதாக. மறுபடி முப்பது தடவை. பூஜ்யம், ஒன்று, ஒன்று, இரண்டு. அதற்குமேல் முள் போகவில்லை.

இரண்டு பத்துக்குக் கோயமுத்தூர்க்காரர் வந்தார். ஐம்பது நிமிடம் ஒவ்வொன்றாக அளந்தார். அந்த ஐம்பது நிமிடத்தில் எனக்கு மூன்று வயது கூடியது. இருபதாவதை மேசையில் வைத்தார். "வர்ற வாரத்துல இருந்து அனுப்புங்க," என்றார். நித்யா அப்போதுதான் உட்கார்ந்தாள்.

இதே வேலையாகக் கிளம்புகிறவர்களுக்கு: கேஜை மடியில் வையுங்கள், மேல் தட்டில் வேண்டாம். போனதும் அரை மணி நேரம் பட்டறைச் சூட்டுக்குப் பழக விடுங்கள். மூன்று தடவை அளந்து முடிவு சொல்லாதீர்கள், முப்பது வேண்டும். அளவுகள் எவ்வளவு சிதறுகின்றன, மொத்தமாக எந்தப் பக்கம் தள்ளியிருக்கின்றன என்று இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். சிதறல் குறைவாக இருப்பதாலேயே சரியான இடத்துக்குப் போகிறது என்று அர்த்தமில்லை. கட்டை முட்டும் இடத்தை, சாமி பொட்டு உட்பட, துடையுங்கள்.

மேகம் வரை எழும்பிய பஸ்ஸையும் நிமிர்ந்த தண்டவாளத்தையும் நீங்கள் நம்ப வேண்டியதில்லை. ஒரு சின்ன விஷயம் மட்டும் உண்மை. வெள்ளிக்கிழமை பூஜைக்கு நடுவில் செந்திலுக்குப் போன் வந்தது. தட்டை, பூஜைக்கு வந்திருந்த தாய்மாமன் கையில் கொடுத்துவிட்டு வாசலுக்குப் போனார். முட்டு நெற்றி மாதிரி பளபளவென்று இருந்தது. தாராளமாகவே வைத்தேன். மன்னிச்சுக்குங்க மாப்பிள்ளை.