பனித்தீவில் மதராஸ் என்ற சொல்

இங்கே தண்ணீரை இறைப்பதில்லை, வெட்டுகிறோம். காலையில் கோடரியோடு வெளியே போய், பனிக்கட்டியைப் பாளம் பாளமாகப் பெயர்த்து வந்து அடுப்பில் வைத்தால்தான் காப்பிக்குத் தண்ணீர். எங்கள் பூந்தமல்லியில் சொன்னால் கதை விடுகிறான் என்பார்கள். தென்துருவக் கடலில் ஒரு தீவு. அதில் வானிலை பார்க்கும் நிலையம். காற்றையும் குளிரையும் அளக்கும் நான்கு அர்ஜென்டினாக்காரர்களுக்குக் கடல்நாய் இறைச்சி வேகவைத்துப் போடுகிறவன் நான்.

கப்பல் சமையல்காரனாகத்தான் மதராஸை விட்டேன். அப்போது மனைவி ஆரோக்கியத்துக்கு இரண்டு மாதம். "இங்க சோறா இல்ல? அவ்ளோ தூரம் போயி இன்னா பண்ணப் போற?" என்றாள். பிரசவத்துக்கு முன் திரும்பிவிடலாம் என்று நம்பினேன். யுத்தம் பரவியதில் கப்பல் புவனோஸ் அயர்ஸிலேயே நின்றுவிட்டது. வயிற்றுப்பாட்டுக்கு இந்த வேலையை ஒப்புக்கொண்டேன். ஆண்டுக்கு ஒருமுறைதான் இங்கே கப்பல் வரும்.

கடல் உறையத் தொடங்கிய ஒரு மதியம், கம்பியில்லாத் தந்தி பார்க்கும் ராமோன் ரேடியோவில் லண்டன் செய்தி வைத்திருந்தான். மதராஸ் என்று காதில் விழுந்தது. ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று சனங்கள் ஊரைக் காலி செய்கிறார்களாம். ஆரோக்கியம் பிரசவத்துக்காக ராயபுரத்தில், துறைமுகத்தை ஒட்டிய தாய்வீட்டில் இருந்தாள். அதற்குள் இரைச்சல் வந்து செய்தியை விழுங்கிவிட்டது. "மதராஸ், மதராஸ்" என்று ராமோனின் தோளைப் பிடித்து உலுக்கினேன். அவன் மொழியில் மாத்ரே என்றால் அம்மா. கண் கலங்கி என்னை அணைத்துக்கொண்டான். மாதா படத்தின் முன் என் அம்மாவுக்காக மெழுகுவர்த்தி ஏற்றினான். அம்மா போய்ப் பல வருடமாயிற்று என்று சொல்ல எனக்கு அவன் மொழி போதவில்லை. நானும் பக்கத்தில் முழங்காலிட்டேன்.

நிலையத் தலைவருக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் வரும். ஆரோக்கியம் எப்படி இருக்கிறாள் என்று ஊருக்கு ஒரு வரி தந்தி அனுப்பச் சொல்லிக் கெஞ்சினேன். யுத்தகாலத்தில் வானிலை தவிர எதையும் அனுப்பக்கூடாது என்றார். சொல்லும்போது அவர் முகமும் வாடித்தான் இருந்தது. எங்கள் குளிர் எவ்வளவு என்பது தினமும் உலகத்துக்குப் போயிற்று. அவள் உயிரோடு இருக்கிறாளா என்ற கேள்வி மட்டும் என்னோடு அடுப்படியிலேயே கிடந்தது.

இங்கே கோடை தை மாதத்தில்தான். மறு கோடையில் கப்பல் வந்தது; மைத்துனன் அந்தோணியின் கடிதமும் வந்தது. ஊரே ஓடியபோது அவனும் அக்காளை மாட்டுவண்டியில் ஏற்றிப் பூந்தமல்லிக்குக் கூட்டிப்போயிருக்கிறான். வானகரம் தாண்டுவதற்குள் வண்டியிலேயே பெண் குழந்தை. "மச்சான், நாங்க நல்லாக்கீறோம். நீ பயந்துகினு கெளம்பிடாத, கப்பலையெல்லாம் கவுக்குறானுங்களாம்" என்று பேசுகிற மாதிரியே எழுதியிருந்தான். கப்பல்காரர்களும் இந்தியாவுக்கு இப்போது வழியில்லை என்றார்கள். இன்னொரு வருடம் இருக்க ஒப்புக்கொண்டேன். ஒப்புக்கொள்ளாமல் எங்கே போவது?

இப்போது சித்திரை. பூந்தமல்லியில் குழந்தைக்கு வேர்க்குரு போட்டிருக்கும். யாராவது விசிறினால்தான் தூங்கும். இங்கே சமையலறைக் கதவைப் பனி மூடிவிட்டது; காலையிலிருந்து தள்ளிக்கொண்டிருக்கிறேன். கம்பளிச் சட்டைக்குள் முதுகில் வேர்வை வழிகிறது. அது மட்டும் ஊரில் வழிந்த அதே வேர்வை. கொஞ்சம் நின்றால் உறைந்துவிடும்.