அரிசி இல்லாத ஜவ்வரிசி

கேளம்பாக்கம் அடுக்குமாடிக்கு நாங்கள் குடிவந்த புதிதில், எதிர்வீட்டுக்கு மகாராஷ்டிரத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். அவளுக்குத் தமிழ் தெரியாது. என் இந்தி டிவி சீரியலில் பொறுக்கியது.

ஒருநாள் காலையில் கதவைத் தட்டி, "சாபுதானா?" என்றாள்.

சாபு என்று யாரையோ தேடுகிறாள் போலிருக்கிறது என்று நினைத்தேன். "சாபு இல்லம்மா, இது எங்க வூடு" என்றேன்.

அவள் விரல் நுனியில் ஒரு சின்ன உருண்டையைப் பிடிப்பதுபோல் காட்டினாள். வயிற்றைத் தொட்டாள். மேலே பார்த்துக் கும்பிட்டாள். வயிற்றுவலி பொறுக்காமல் கடவுளைக் கூப்பிடுகிறாள் என்று பதறி, மாத்திரை எடுத்துவந்து நீட்டினேன். தலையில் அடித்துக்கொண்டு போனில் படம் காட்டினாள். ஜவ்வரிசி. அன்று அவளுக்கு விரதமாம்.

அடுக்களையில் பிரிக்காமல் இருந்த பாக்கெட்டைக் கொடுத்தேன். அதிலிருந்த தமிழ் எழுத்தைக் காட்டி என்னவென்று கேட்டாள். என் இந்தியைக் காட்ட இதைவிட நல்ல நேரம் வாய்க்காது.

"ஜவ்வு அரிசி. அரிசின்னா சாவல்" என்றேன்.

அவள் முகம் விழுந்துவிட்டது. விரதத்தில் அரிசி கூடாது. பாக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒரு வாழைப்பழத்தோடு கதவைச் சாத்திக்கொண்டாள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. பதினோரு மணிக்குத் தெருமுனை மளிகைக் கடைக்குப் போய், அரிசி கலக்காத ஜவ்வரிசி இருக்கிறதா என்று கேட்டேன். கடைக்காரர் சில வருஷம் மலேசியாவில் இருந்தவர். எடை போடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"இன்னாம்மா பேசுற? இதுல ஏது அரிசி? மரவள்ளிக் கெழங்கு மாவும்மா. மலேசியாவுல பனை மாதிரி ஒரு மரம் கீது. அதோட தண்ட வெட்டி மாவு எடுப்பான், 'சாகு'ன்னுவான். அதுக்குப் பதிலாத்தான் இங்க கெழங்கு. நம்மூருக்கு மொதல்ல ஜாவாலேர்ந்து வந்துச்சாம், அதான் ஜவ்வரிசி."

"அப்ப அரிசின்னு ஏன் பேர் வெச்சாங்க?"

"தெலுங்குக்காரரு சக்குபிய்யம்னு கேக்குறாரு. பிய்யம்னாலும் அரிசிதான். எல்லாருமா சேந்து பொய் சொல்லிகினு கீறாங்க. நா இன்னா பண்றது?"

ஓடிவந்து, பழைய பாக்கெட்டையே எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். "சாவல் நஹி" என்றேன். கிழங்குக்கு இந்தி தெரியவில்லை. குனிந்து, வராந்தாவிலேயே மண்ணைத் தோண்டிப் பிடுங்குவதுபோல் செய்து காட்டினேன்.

"ஆலூ?" என்றாள்.

உருளைக்கிழங்கு இல்லை, அதற்கு உறவு என்று எப்படிச் சொல்வது? "ஆலூ கா பாய்" என்றேன். ஆலூவின் அண்ணன்.

அவள் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு பாக்கெட்டை வாங்கிக்கொண்டு நான்கு விரலைக் காட்டினாள். நான்கு மணி நேரம் ஊற வேண்டுமாம். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இந்நேரம் பாதி ஊறியிருக்கும். அவள் பார்த்த பார்வையில் அது இருந்தது.

சாயங்காலம் ஒரு தட்டு வந்தது. ஜவ்வரிசி என்றால் பாயசம்தான் என்றிருந்த என் கணவர், போனைப் பார்த்தபடியே ஒரு கரண்டி அள்ளி வாயில் போட்டார். வேர்க்கடலையும் பச்சை மிளகாயும் போட்டுத் தாளித்தது.

"இன்னா இது, இவ்ளோ காரமா கீது?" என்று தண்ணீரைத் தேடினார். குடித்துவிட்டு வந்து தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். எனக்கு அடியில் ஒட்டியிருந்த நாலு உருண்டைதான் மிஞ்சியது.