என் தந்தையார் குலமுதல்வரான வரலாறு

உறவினர் ஒருவர் அண்மையில் வரைந்தளித்த எங்கள் குலவரிசைப் படத்தில், என் தந்தையார் தம் பாட்டனாருக்கும் மேலே, உச்சியில் அமர்ந்திருக்கிறார். இப்பிழைக்கு ஓர் அரசு ஆவணமே சான்றாக உள்ளது. அது பிறந்த விதத்தை அறிந்தவருள் நான் ஒருவனே எஞ்சியிருப்பதால் இதனை எழுதிவைப்பது கடமையாயிற்று.

சமஸ்தான ஆட்சி நடந்த முப்பதுகளின் இறுதி. திருவரங்குளத்துக்குக் கிழக்கே எங்கள் சிற்றூர். அய்யனார் கோயில் திருவிழாவில் முதற்பரிவட்டம் குலமுதல்வரின் மூத்த மகன் வழியினருக்கே கட்டப்பெறும். அவ்வழியினர் நாங்களே என்றார் என் தந்தையார். தாங்களே என்றார் குலமுதல்வரின் மற்றொரு மகன் வழிவந்த பங்காளி ஒருவர். அகவையில் இளையவராயினும், தம் வழியே மூத்தது என்று காட்ட அவர் என் தந்தையாரைத் 'தம்பி' என்றே விளிப்பார். இருவரும் சான்று கொணர வேண்டுமெனக் கோயிலார் கூறிவிட்டனர்.

பல நாள் நூலகத்தில் தேடியும் பயனில்லாமையால், தந்தையாருடன் புதுக்கோட்டையில் இருந்த ஒரு பதிவறைக்குச் சென்றேன். எழுத்தர், எங்கள் குலமுதல்வருக்கு மானியமாகக் கிடைத்த நிலத்தின் பழைய இனாம் பதிவேட்டைப் புரட்டி நெடுநேரம் தந்தையாரையே நோக்கினார்.

"இனாம் குடுத்த அன்னிலேர்ந்து பட்டா ஒரே பேர்லதாங்க இருக்கு. வரி நிக்கவே இல்ல. வாரிசு யாருன்னு எழுதவும் இல்ல."

"ஏன் எழுதல?" என்றார் தந்தையார்.

"ஆளு உசிரோட இருக்கும்போது வாரிசு எப்படிங்க எழுதுறது?"

பேரனுக்குப் பாட்டன் பெயரிடுவது எங்கள் வழக்கு. இடையில் வந்த மகன்மார், பிள்ளை வளர்ந்தால் பெயர் பொருந்திவிடும் என்றெண்ணிப் பட்டா மாற்றாமலே வரி செலுத்தி வந்துள்ளனர். என் தந்தையார்க்கும் அப்பெயரே.

"செத்துட்டேன்னு எழுதிக் குடுத்தீங்கன்னா வாரிசு விசாரணை வைக்கலாம்" என்றார் எழுத்தர்.

"நான் செத்துட்டேன்னு நானே எழுதுறதா? இருக்கேன்னே எழுதுங்கய்யா!"

எழுத்தரும் எழுதினார்: இனாம் பெற்ற அன்னார் நேரில் தோன்றிக் கையொப்பமிட்டார் என்று. தந்தையார் பெருமகிழ்வெய்தினார். மூத்த மகன் யாரென்ற வினாவே இனி எழாது, குலமுதல்வரே வந்துவிட்டாரல்லவா!

திருவிழாவன்று அவ்வாவணம் கோயில் முன்றிலில் உரக்கப் படிக்கப்பட்டது. கூட்டத்தில் ஒருவர், "அப்ப வருசா வருசம் திதி குடுக்குறாகளே, அது யாருக்கு?" என்றார். சிரிப்பு எழுந்தது. பங்காளி மட்டும் சிரிக்கவில்லை. மேல்துண்டை இடையில் கட்டிக்கொண்டு நேரே வந்து, என் தந்தையாரின் காலடியில் நெடுஞ்சாண்கிடையாக வீழ்ந்தார்.

"பூட்டனாரே! இத்தன நாளு ஒங்களப் போயி தம்பின்னு சொல்லிப்புட்டேன். மன்னிச்சு, பேரப்புள்ளைக்கு இந்த வருசப் பரிவட்டத்த உங்க கையால குடுத்துருங்க!"

காலில் வீழ்ந்தவரை வாழ்த்தாதிருக்கும் பழக்கம் என் தந்தையார்க்கு இல்லை. கை தானே உயர்ந்தது. வாயும் "நல்லாரு" என்றது. அதையே இசைவாகக் கொண்ட பூசாரி, பட்டுத்துணியைப் பங்காளியின் தலையில் கட்டி முடித்தார்.

திரும்பி வந்த தந்தையார் வீட்டு வாயிலில் நின்று, "நல்லாரு மட்டுந்தானே சொன்னேன்?" என்று என்னைக் கேட்டார். ஆம் என்றேன். ஆனால் அவ்வாண்டிலிருந்து பரிவட்டம் பங்காளி வீட்டாருக்கே கட்டப்படுகிறது.

குலமுதல்வரின் மக்கள் இருவருள் மூத்தவர் யார் என்பது இன்றளவும் எனக்குத் தெரியாது. அறிந்தோர் தெரிவித்தருள்க, யான் கூறியவற்றில் பிழை காண்போரும் திருத்தியுதவுக. பங்காளி வழியினர் சான்றுடன் எழுதினாலும் மகிழ்வுடன் ஏற்பேன்.