தோற்றவன் தெருவில் பேண்டு

1. பெரிய டிரம்

ஆவடியில் ஒரு பேண்டு செட்டில் சேர்ந்த முதல் நாள், எந்த வாத்தியம் வேண்டும் என்று மாஸ்டர் கேட்டார். நான் பெரிய டிரம்மைக் காட்டினேன். வாசிப்பு பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. நாலு பேர் என்னைப் பார்த்தால் வியர்த்துவிடும். அந்த டிரம்மை மார்பில் மாட்டினால் முகம் பாதி மறையும். அதற்காகத்தான் கேட்டேன்.

மாஸ்டர் பட்டாளத்து பேண்டில் கிளாரினெட் வாசித்து வந்தவர். சிரித்துவிட்டார். "மறைக்கும்தான். ஆனா நீ அடிச்சாதான்டா மத்தவன் ஆரம்பிப்பான்."

அது உண்மைதான். மாஸ்டர் தலையசைப்பார், நான் இரண்டு அடி போடுவேன். உடனே சைடு டிரம், ட்ரம்பெட் எல்லாம் சேர்ந்துகொள்ளும். எதற்கு, யாருக்கு என்று யாரும் கேட்பதில்லை. கை பழகிவிடும். இப்போது செட்டுக்கு வரும் பையன்களுக்கு இதை முதலில் சொல்கிறேன். ஏனென்றால் பின்னால் நடந்த குழப்பம் முழுக்க இதனால் வந்தது.

2. மாங்காடு

எழுபதுகளின் தொடக்கம். பொங்கல் சமயத்தில் பூந்தமல்லி மைதானத்தில் பையன்களுக்குச் சிலம்பப் போட்டி வைப்பார்கள். கம்பின் நுனியில் துணி சுற்றிக் கரி தொட்டிருப்பார்கள். யாருடைய வெள்ளைப் பனியனில் கரிப் புள்ளி அதிகமோ அவன் தோற்றவன்.

பாரிவாக்கத்துக் கோதண்டம் எங்களை அழைத்திருந்தார். கொஞ்சம் நிலம் உண்டு, அம்பத்தூரில் கம்பெனி வேலையும் உண்டு. அவர் மகன் சேகருக்குப் பதினைந்து வயது இருக்கும். போட்டி தொடங்கும் முன்பே எங்களை வரிசையில் நிறுத்திவிட்டார். "எம்புள்ள ஜெயிச்சிருவான். நீங்க ரெடியா நில்லுங்க."

சொன்னபடி சேகர் ஜெயித்தான். எதிரில் விளையாடியவன் மாங்காட்டுப் பையன் பாபு. ஊர்வலமாகச் சேகரின் ஊரான பாரிவாக்கத்துக்குப் போவோம் என்று நினைத்தேன். கோதண்டம் எங்களை மாங்காட்டுக்கு, பாபுவின் தெருவுக்கு ஓட்டிக்கொண்டு போனார். ஜெயித்தவர்கள் தோற்றவன் தெரு வழியாகப் போவது அந்தப் பக்கத்துப் பழக்கமாம். பாபு வீட்டு வாசலில் நின்று அடிக்கச் சொன்னார்கள். அடித்தோம். "வெளிய வாடா சூரப்புலி!" என்று பாரிவாக்கத்து ஆட்கள் கத்தினார்கள்.

டிரம்முக்குப் பின்னால் இருந்து எனக்குத் தெரிவதெல்லாம் கீழ்ப்பாதிதான். கதவு மூடியிருந்தது. கதவுக்கு அடியில் இருந்த இடைவெளியில் இரண்டு வெறுங்கால்கள் நின்றன. நாங்கள் வாசித்து முடிக்கும் வரை அவை நகரவே இல்லை. சேகர் யாருடைய தோளிலோ இருந்தான். அங்கிருந்து அவனுக்கு என்ன தெரிந்தது என்று எனக்குத் தெரியாது. திரும்பும் வழியில் இறங்கி நடந்தே வந்தான்.

3. பூந்தமல்லி

அடுத்த வருஷமும் கோதண்டம் அழைத்தார். கடைசி ஆட்டம் மறுபடி சேகருக்கும் பாபுவுக்கும். கூட்டம் நெருக்கியதில் எனக்குப் புழுதியும் கால்களும்தான் தெரிந்தன. பெரிய சத்தம் எழுந்தது. கையை ஓங்கி வைத்துக்கொண்டு மாஸ்டரைப் பார்த்தேன். அவர் தலையசைக்கவில்லை.

"இன்னா மாஸ்டர், யாரு?"

"அந்தப் பையன். நம்ம புள்ள தோத்துட்டான். கைய எறக்கு."

கோதண்டம் எங்களைத் தாண்டிப் போனார். முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. "மூட்ட கட்டிக்கினு கெளம்புங்க" என்று மட்டும் சொன்னார்.

அப்போது என் டிரம்முக்கு எதிரில் இரண்டு கால்கள் வந்து நின்றன. எட்டிப் பார்த்தேன். சேகர். பனியன் முழுக்கக் கரி.

"அண்ணாத்தே, அடிங்க."

"யாருக்கு நைனா?"

"ஜெயிச்சவனுக்கு."

மாஸ்டரைப் பார்த்தேன். "டேய், கூட்டியாந்தது அவங்கப்பன். அவரு சொல்லாம கை வெக்காதே" என்றார். அதுவும் நியாயம். அழைத்தவர் பேச்சைக் கேட்பதுதான் தொழில். ஆனால் அழைத்தது இந்தப் பையனுக்காகத்தானே? பையன் கேட்கிறான். யார் சொல்வதைக் கேட்பது? எனக்கு ஒன்றும் புரியவில்லை. சேகர் நகராமல் நின்றான். போன வருஷம் கதவுக்கு அடியில் பார்த்த கால்கள் நினைவுக்கு வந்தன. அதனால்தான் அடித்தேனா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. கை இரண்டு அடி போட்டுவிட்டது.

அவ்வளவுதான். சைடு டிரம் சேர்ந்தது, ட்ரம்பெட் சேர்ந்தது. மாஸ்டரும் என்னை முறைத்துக்கொண்டே கிளாரினெட்டை வாயில் வைத்தார். செட் ஆரம்பித்தால் அவராலும் சும்மா நிற்க முடியாது.

மாங்காட்டு ஆட்கள் கம்புடன் ஓடி வந்தார்கள். பாபுவின் தாய்மாமன் என் டிரம்மின் மேல் கம்பை வைத்து அழுத்தினார். "தோத்துட்டு இன்னாடா மோளம்? நக்கலா?"

நான் அடிப்பதை நிறுத்தினேன். எல்லாம் நின்றது. ஒரு வார்த்தை தப்பினால் அங்கே மண்டை உடைந்திருக்கும்.

சேகர் நடுவில் வந்து தன் பனியனை இழுத்துக் காட்டினான். "நக்கல் இல்ல மாமா. எத்தினி புள்ளி கீது பாருங்க. நல்லா ஆடுனான்." பிறகு பாபுவிடம் சொன்னான்: "போன வருசம் உங்க தெருவுக்கு வந்தோம்ல. இன்னிக்கு நீ எங்க தெருவுக்கு வா."

"இன்னாத்துக்குடா? அடிக்கவா?" என்றான் பாபு.

"இல்லடா. சும்மா வா."

"எனக்கு ஒண்ணுமே புரியல."

"எனக்குந்தான். வா."

தாய்மாமன் டிரம்மிலிருந்து கம்பை எடுத்தார். ஆனால் தோளில் வைத்துக்கொண்டு கூடவே வந்தார். நம்பவில்லை போல.

பாரிவாக்கத்தில் நாங்கள் நுழைந்ததும் பேண்டுச் சத்தம் கேட்டு எல்லாரும் சேகர் ஜெயித்துவிட்டதாக நினைத்து ஓடி வந்தார்கள். அவன் அம்மா ஆரத்தித் தட்டோடு வாசலில் நின்றார். முன்னால் வேறு பையன். கழுத்தில் மைதானத்தில் போட்ட மாலை. அவர் தட்டை அப்படியே பிடித்தபடி நின்றார்.

"யார்ரா இது?"

"ஜெயிச்ச பையன்மா."

"அப்ப நீ?"

"தோத்துட்டேன்."

அவர் இருவரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "சரி, கற்பூரம் அணையப்போவுது. ரெண்டு பேரும் சேந்து நில்லுங்க, சுத்திடறேன். அப்பறம் பேசிக்கலாம்" என்றார். தாய்மாமன் அப்போதுதான் கம்பைச் சுவரில் சாத்தினார்.

கோதண்டம் கடைசியில் தனியாக வந்து சேர்ந்தார். நேரே என்னிடம் வந்தார்.

"யாரு அடிக்கச் சொன்னது?"

"கை… தானா…"

"அடுத்த வருசம் அந்தக் கைய ஊட்லயே வெச்சிட்டு வா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். கோபமா, வேறு ஏதாவதா என்று எனக்குப் பிடிபடவில்லை. மாஸ்டரிடம் கேட்டேன். "தெர்லடா" என்றார் அவரும்.

4. நான் கேட்க ஆரம்பித்தது

அடுத்த தை மாதம் கோதண்டம் மறுபடி வந்தார். எங்களிடம் அதே செட்தான், பெரிய டிரம்மும் நான்தான். அதற்குள் ஒரு வருஷமாக யோசித்து வைத்திருந்த கேள்வியை, வியர்த்தாலும் கேட்டுவிடுவது என்று இருந்தேன்.

"அண்ணாத்தே… ஜெயிக்கலன்னா இன்னா பண்ணணும்?"

மாஸ்டர் கிளாரினெட்டைத் துடைப்பதுபோல் குனிந்துகொண்டார்.

"அத பையனாண்டயே கேட்டுக்க" என்றார் கோதண்டம்.

அன்றிலிருந்து கபடி, சிலம்பம், குஸ்தி எதற்கு அழைத்தாலும் இதை முதலில் கேட்கிறேன். சிலர் அபசகுனம் என்று திட்டுவார்கள். சிலர் பதில் சொல்லாமல் போய்விடுவார்கள். பையன்களே, திட்டினாலும் பரவாயில்லை, நீங்களும் கேளுங்கள். அழைப்பவரிடம் கேட்டுவிட்டு, விளையாடப்போகும் பிள்ளையிடமும் ஒரு தடவை தனியாகக் கேளுங்கள். மைதானத்தில் கையை ஓங்கிக்கொண்டு நிற்கும்போது கேட்க நேரம் இருக்காது.