டிக்கியில் தம்பி, ஸ்டீயரிங்கில் நான்: ஆரம்பாக்கத்திலிருந்து பழவேற்காடு

பழைய காரில் பழவேற்காட்டுப் பக்கம் போகலாமா என்று பல பேர் கேட்டு எழுதுகிறீர்கள். தாராளமாகப் போகலாம். நான் தினமும் போகிறேன். என் வண்டி தொண்ணூற்றிரண்டாம் வருடத்து டீசல் அம்பாசடர். வீட்டுக்காரர் பொன்னேரி ஸ்டேஷன் வாசலில் டாக்சியாக ஓட்டியது. அவருக்கு வேறு வேலை கிடைத்ததும், வண்டி சும்மா நிற்கிறதே என்று நான் ஓட்டக் கற்றுக்கொண்டேன். லைட்ஹவுஸ் குப்பத்தில் கருவாடு வாங்கி, பொன்னேரி, ஆரம்பாக்கம் கடைகளுக்குப் போடுவதுதான் என் தொழில். உப்புக்காற்றில் தகரம் அரிக்காமல் இருக்க, மரப்படகுக்குப் பூசுகிற மீன் எண்ணெயையே வண்டியின் அடியிலும் பூசிவைப்பேன். துரு வராது, பூனை வரும். எங்கே நிறுத்தினாலும் ஐந்து நிமிடத்தில் கீழே ஒரு குடும்பமே குடியேறிவிடும்.

இப்போது சொல்லப்போவது கார்த்திகை அமாவாசைக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமைப் பயணம். ஆரம்பாக்கத்திலிருந்து கும்மிடிப்பூண்டி, பொன்னேரி வழியாகப் பழவேற்காடு, அதையும் தாண்டி ஏரி ஓரத்தில் எங்கள் நைனாவின், அதாவது அப்பாவின், குப்பம். மொத்தம் அறுபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. டீசல் நானூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

போனது ஊர் சுற்ற அல்ல. எங்கள் குப்பத்தில் ஏரியைப் பாடு பாடாகப் பிரித்துச் சீட்டுக் குலுக்குவார்கள். எந்த இடத்தில் யார் எந்த நாள் சுத்துவலை போடலாம் என்பதை அந்தச் சீட்டுதான் சொல்லும். நைனா தை மாதம் தவறிவிட்டார். அவர் இடம் என் தம்பி தேசப்பனுக்கு. ஆனால் பெயரைக் கூப்பிடும்போது ஆள் நேரில் நின்று, தன் கையால் சீட்டு எடுக்க வேண்டும். மூன்று தரம் கூப்பிட்டும் வராவிட்டால் அந்த வருடம் இடம் கிடையாது. தேசப்பன் கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் இருந்தான். போன மாதம் நிறுத்திவிட்டார்கள். இரண்டு பிள்ளைகள். இந்தப் பாடு கிடைத்தால்தான் அடுப்பு எரியும்.

காலை எட்டரைக்கு ஆரம்பாக்கத்தில் கருவாட்டை இறக்கிவிட்டு அவன் வீட்டு வாசலில் போய் நின்றேன். வேலையில் இருந்தபோது வாங்கிய புதுக் காரைத் துடைத்துக்கொண்டிருந்தான். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு.

"இன்னாடா, சீட்டு எடுக்கப் போறியா, பொண்ணு பாக்கப் போறியா?"

"உன் வண்டிய நம்பிப் போனா அடுத்த வருசச் சீட்டுக்குத்தான் போய்ச் சேரலாம். என் வண்டியில வாக்கா, ஏசி கீது."

பொய் சொல்லக் கூடாது, அவன் வண்டியில் ஏசி சுகம்தான். ஆனால் திரும்பும்போது எனக்குக் கருவாடு ஏற்ற வேண்டும். அதனால் அவன் வண்டி முன்னால், என் வண்டி பின்னால். நெடுஞ்சாலையில் ஐந்து நிமிடத்தில் கண்ணுக்கே தெரியாமல் பறந்துவிட்டான். கவரைப்பேட்டையில் நிறுத்திவைத்துக்கொண்டு, நான் வந்ததும் கையைத் தட்டினான். டீ குடித்தோம். நான் இன்ஜினை அணைக்காமலே குடித்தேன். என் பேட்டரி ஒரு வாரமாகச் செத்துக் கிடக்கிறது. டீசல் இன்ஜின் ஒரு தரம் ஓட ஆரம்பித்துவிட்டால் பேட்டரியைத் தேடாது. அணைத்தால்தான் தள்ள வேண்டும். காலையில் வீட்டுக்காரர் தள்ளிவிட்டது.

பொன்னேரி தாண்டி இருபது கிலோமீட்டர் நல்ல ரோடு. பழவேற்காடு பாலத்தில் ஏறும்போது பத்தே முக்கால். பதினொன்றரைக்குக் குலுக்கல். பாலம் இறங்கிக் கொஞ்ச தூரம் போனதும் ரோட்டைக் காணோம். ராத்திரி மழை ஒரு பக்கம், அமாவாசை முடிந்த கடல் ஏற்றம் ஒரு பக்கம், ஏரி எழுந்து வந்து ரோட்டில் படுத்துக்கிடந்தது. அரைக் கிலோமீட்டருக்குத் தண்ணீர். தேசப்பன் வண்டி அதற்குள் பத்தடி போய் நின்றிருந்தது. உள்ளே திரை முழுக்கச் சிவப்பும் மஞ்சளுமாய் விளக்கு. கோயில் திருவிழா மாதிரி.

நான் இறங்கிப் போய் நன்றாகப் பார்த்துச் சிரித்தேன். "ஏசி இன்னும் வேலை செய்யுதாடா?" என்று கேட்டேன். அப்போதுதான் கவனித்தேன், பின்னால் என் இன்ஜின் சத்தத்தைக் காணோம். பேச்சு சரியாகக் கேட்கட்டும் என்று, இறங்கும்போது என் கையே அணைக்கும் குமிழை இழுத்துவிட்டிருக்கிறது.

தம்பி சிரிக்கவில்லை. முகம் சுண்டிப்போயிற்று. குலுக்கல் நாளில் எங்கள் ஏரியில் யாரும் படகு இறக்க மாட்டார்கள், அது கட்டுப்பாடு. அதனால் படகு கிடையாது. பைக்கில் வந்தவர்கள் தண்ணீரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். தண்ணீருக்கு அந்தப் பக்கம் இன்னும் இரண்டு கிலோமீட்டர். போனில் குப்பத்துத் தலைவரைப் பிடித்தான். "ஆள் வந்தா சீட்டு. போனுக்கெல்லாம் சீட்டு குடுக்கிறதில்ல தேசப்பா" என்று அவர் வைத்துவிட்டார். மணி பதினொன்று தாண்டிவிட்டது, நடந்தால் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது; ஆனாலும் தம்பி வேட்டியை மடித்துக் கட்டி நடக்கவே தொடங்கிவிட்டான்.

ரோட்டோரத் தண்ணீரில் நாலைந்து பெண்கள், பிடித்ததைப் போட்டுவைக்கும் ஓலைக்கூடையான பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு கையால் இறால் தடவிக்கொண்டிருந்தார்கள். அதில் கன்னியம்மா எனக்குத் தெரிந்தவள்.

"கன்னியம்மா, தண்ணி எவ்ளோ கீது?"

பறியை வாயிலிருந்து எடுத்தாள். "நடு ரோட்டுல முட்டி. ஓரத்துல போனா, நேரா ஏரிதான். இன்னா, படகு விடப் போறியா?"

"படகு இல்ல, என் வண்டிதான். தள்ளு."

"தள்றோம். ஆனா அந்தாண்ட இட்டுக்கினு போய் விடணும், சொல்லிட்டேன்."

"டேய் தேசு, திரும்பி வாடா!" என்று கத்தினேன்.

இப்படி ஆழமான தண்ணீரில் இறங்கும் முன் இரண்டு வேலை செய்ய வேண்டும், குறித்துக்கொள்ளுங்கள். முதலில் ஃபேன் பெல்ட்டைக் கழற்ற வேண்டும். இல்லாவிட்டால் ஃபேன் தண்ணீரை வாரி இன்ஜின் மேலேயே இறைக்கும். இரண்டாவது, புகைக்குழாயில் ஒரு ஹோஸ் மாட்டித் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடிக்க வேண்டும். இறால் பண்ணை மோட்டாரின் பழைய ஹோஸ் துண்டு ஒன்று எப்போதும் என் டிக்கியில் கிடக்கும். அதைத் தூக்கிப் பிடிக்க ஆள் வேண்டுமே?

"டிக்கியில ஏறு."

"அக்கா, சட்டை…"

"சட்டைக்கா சீட்டு குடுக்கிறாங்கோ? ஏறுடா!"

காலிக் கருவாட்டுக் கூடைகளுக்கு நடுவில் உட்கார்ந்து ஹோஸைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டான். பின்னாலிருந்து பார்த்தால் யானை தும்பிக்கையைத் தூக்கின மாதிரி இருந்ததாம், கன்னியம்மா சொன்னாள். வண்டியைப் பின்னால் மேட்டுக்குக் கொஞ்சம் உருட்டிக்கொண்டுபோய், அங்கிருந்து பெண்கள் தள்ளினார்கள். இரண்டாவது கியர், கிளட்சை விட்டேன். ஒரு இருமல், இரண்டு இருமல், பிடித்துக்கொண்டது. ஓடிக்கொண்டிருக்கும்போதே ஐந்து பேரும் ஏறினார்கள். முன் சீட்டு நீளப் பலகை மாதிரிதான் இருக்கும், என்னோடு மூன்று பேர், பின்னால் மூன்று பேர்.

முதல் கியரிலேயே, காலை எடுக்காமல், ஒரே வேகம். கதவிடுக்கில் தண்ணீர் உள்ளே வந்து என் செருப்பைக் கூட்டிக்கொண்டு போனது. கன்னியம்மா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "இப்டி வா, இன்னும் இப்டி, அய்ய, அந்தப் பக்கம் இன்னாத்துக்குப் போற!" என்று வழி சொன்னாள். நடுவில் ஒரு இடத்தில் இன்ஜின் முக்கிற்று. டிக்கியிலிருந்து, "அக்கா, நிறுத்திராத!" என்று ஒரு குரல். நான் ஆக்சிலேட்டரை இன்னும் அழுத்தினேன். ஆனாலும், "இப்ப இன்னாடா சொல்ற என் வண்டிய?" என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

"ராஜாதான்கா! உன் வண்டி ராஜா!"

சக்கரத்துக்குக் கெட்டித் தரை கிடைத்தது. பெண்கள் போட்ட கூச்சலில் கொக்கெல்லாம் எழுந்து பறந்தது. பெல்ட் மாட்ட நேரமில்லை, அதனால் ரேடியேட்டர் தண்ணீர் சுற்றாது. சூடு காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. தாண்டியது. நான் அதன் மேல் துண்டைப் போட்டு மூடிவிட்டேன். பார்த்தால்தானே பயம்.

கோயில் வாசலில், "ரெண்டாம் தரம்" என்று தலைவர் சொல்வது மைக்கில் கேட்டது. வண்டி ஆவி விட்டுக்கொண்டே கூட்டத்துக்கு நடுவில் போய் நின்றது. டிக்கியிலிருந்து என் தம்பி குதித்தான். முகம் கரி, சட்டையெல்லாம் நெத்திலி வாசனை. "இருக்கேன்! நான் இருக்கேன்!" என்று ஓடினான்.

தலைவர் மூக்கைப் பொத்திக்கொண்டு சீட்டுப் பானையை நீட்டினார். "எடு தேசப்பா, சீக்கிரம் எடு."

நடுத்தரமான பாடுதான் விழுந்தது. அவன் போட்ட சத்தத்தைக் கேட்டிருந்தால் தேர்தலில் ஜெயித்தான் என்று நினைத்திருப்பீர்கள். நான் அழவில்லை, புகை கண்ணில் பட்டுவிட்டது.

மூன்று மணிக்குமேல் தண்ணீர் வடிந்தது. வலைக் கயிற்றை நாலாக முறுக்கி, புதுக் காரைப் பழைய கார் பொன்னேரி வரை இழுத்துக்கொண்டு போனது. பஜாரில் வேண்டுமென்றே மெதுவாகப் போனேன்.

இனி உங்களுக்கு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி மழையும் இருந்தால் பாலம் தாண்டிப் போகாதீர்கள். போய்த்தான் ஆக வேண்டுமானால், தண்ணீரில் நிற்கிறவர்களிடம் ஆழம் கேளுங்கள். நான் செய்தது டீசலில் நடக்கும். பெட்ரோல் வண்டியில் மேலே தண்ணீர் தெறித்தாலே நின்றுவிடும். வெளியே வந்ததும் பிரேக்கை நாலு தரம் அழுத்திக் காய வையுங்கள். மறுநாளே அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். பேட்டரி வாங்குங்கள். நானும் வாங்கிவிட்டேன்.

பழைய வண்டியைத் தினமும் ஓட்டுவது பெருமைக்கு அல்ல. அதற்கு என்ன வந்தாலும் நம் கைக்கு எட்டுகிற இடத்தில்தான் வரும். கழற்றலாம், கட்டலாம், தள்ளலாம், தள்ளுகிறவர்களை ஏற்றிக்கொண்டும் போகலாம்.

போன வியாழக்கிழமை, சீட்டுப்படி தம்பி வலை போடும் முதல் நாள். காலையில் இறால் ஏற்றப் போனேன். இடுப்பளவுத் தண்ணீரில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தவனின் போன், கரையில் என் கையில் அடித்தது. பழைய கம்பெனி. திரும்ப வேலைக்குக் கூப்பிடுகிறார்கள், இன்றைக்கே வர முடியுமா என்றார்கள். அவனிடம் கத்திச் சொன்னேன். அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"வலையில கீறேன்னு சொல்லுக்கா!"

அப்படியே சொல்லிவிட்டு வைத்தேன்.